பகடை விழுந்த பிறகு

ஞாயிறு மதியம் கடலூரிலிருந்து மச்சான் பகடையோடு வந்துவிடுவான். சிதம்பரத்தில் எங்கள் கூடத்தில் ஆட்டம் நடக்கும். நான் கதை சொல்வேன். அவன் படகோட்டியாகவும் அவன் அக்காவான என் மனைவி வைத்தியச்சியாகவும் அந்தக் கதைக்குள் பேசுவார்கள். உயிருக்கு ஆபத்து வந்தால் பகடை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் சாவு.

வாராவாரம் அதில்தான் சண்டை.

"கதைக்காக இன்னொரு வாட்டி உருட்டுனா என்னா மாமா கெட்டுப்போவுது?"

"சாமிகிட்ட பூ போட்டுப் பாக்கறோம். வெள்ளப்பூ வேணும்னு நெனச்சி செவப்பு வந்தா மறுபடியும் போடுவியா மச்சான்?"

"நான் போட்டனே," என்பாள் மனைவி. "இவுங்கள கட்டிக்கலாமான்னு கேட்டப்ப மொதல்ல செவப்புதான் வந்துச்சு."

மச்சான் விழுந்து விழுந்து சிரிப்பான்.

அவன் துபாய்க்கு வேலைக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, வெள்ளாற்று வெள்ளத்தில் போன வைத்தியச்சியைக் காப்பாற்றப் படகோட்டி குதித்தான். ஒன்று விழுந்தது. ஊரை விட்டுப் போகிற பிள்ளைக்கு இப்படியா விழ வேண்டும் என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

"இன்னொரு வாட்டி உருட்டு மச்சான்," என்றேன்.

"வேணாம் மாமா. பூ போட்டாச்சி."

அவன் அக்கா பகடையை எடுத்து உருட்டினாள். ஐந்து.

இப்போதும் அவன் போன் செய்தால் அதே பேச்சுதான். "படகோட்டி அன்னிக்கே செத்துட்டான் மாமா," என்பான். "இல்ல மச்சான், கரையேறிட்டான்," என்பேன். பகடை சாமி மாடத்தில் விளக்குக்குப் பக்கத்தில், ஐந்து மேலே தெரிய இருக்கிறது.