வாயாடி சைக்கிள் மிதித்த கதை

வாயாடிக்குப் பத்தொன்பது வயது. இரண்டு வருடம் முன்பு மாடியில் துணி காயப்போடப் போனவள் வழுக்கி விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டாள். அதிலிருந்து இடுப்புக்குக் கீழே தொட்டாலும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. வாய்க்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

அவள் போய்வந்த பயிற்சி மையத்தில் நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிள் ஒன்று இருந்தது. தொடையில் பட்டைகளை ஒட்டி மெல்லிய மின்சாரம் விட்டால் தசை சுருங்கும், கால் மிதிக்கும். நடை திரும்பாது என்று பயிற்சியாளர் அக்கா முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். ஆனால் தசை கரையாது, நெஞ்சுக்கும் பலம். மூன்று சோதனையில் கால் அசையாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். இரண்டு முறை பட்டை சரியாக ஒட்டாமல் கால் மரக்கட்டையாகக் கிடந்தது. புதுப்பட்டை மாற்றியும் பலனில்லை.

மூன்றாம் முறை அப்பாவும் வந்தார். பஸ் பட்டறை மெக்கானிக். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர்.

பட்டையின் ஓரம் மறுபடி கிளம்பியது. அக்கா அவள் தொடையைத் தடவி, தன் விரலை முகர்ந்து பார்த்தார். "எண்ணெய் தேச்சியா?"

"நானா? சத்தியமா இல்லக்கா!"

அப்பா தரையைப் பார்த்தார். "நான்தான்மா. காலைல நீ தூங்கும்போது தேச்சுவிடுவேன். இறுகிப்போனது எதுவா இருந்தாலும் எண்ணெய் போட்டா இளகும்ல?"

தேய்த்த சுவடு தெரியாமல் துடைத்தும் விடுவாராம். பட்டறைப் பழக்கம்.

வாயாடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் காலுப்பா! எனக்குத் தெரியலைன்னா கேக்க வேணாமா?" என்று கத்தினாள். இத்தனை நாளும் அவர் கால் பிடித்துவிட்டதே தெரியாமல் தூங்கியிருக்கிறோம் என்று நினைத்ததும் அவர் கைகளையே பார்த்தாள்.

அக்கா சோப்புத் தண்ணீரும் துண்டும் கொண்டுவந்து அப்பாவிடமே நீட்டினார். அவர் மகளைப் பார்த்தார்.

"தொடலாமாம்மா?"

"ம். நல்லா தேய்ங்க."

காலைத் துடைத்து, காயவிட்டு, பட்டைகளை மறுபடி ஒட்டினார்கள். அக்கா மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். தொடை துள்ளியது. பெடல் அரைச் சுற்று நகர்ந்தது, முழுச் சுற்று வந்தது, அப்புறம் நிற்கவில்லை. அக்கா பட்டியலில் அவள் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டார்.

பத்து நிமிடத்தில் வாயாடியின் முகம் சிவந்தது, பேச்சு நின்றது. அப்பா பதறிப்போனார்.

"என்னம்மா? என்ன பண்ணுது?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மூச்சு வாங்குதுப்பா. ஓடினா வாங்குமே, அந்த மாதிரி."