மெஷினுக்கு ஞாபகம் இல்லையாம்

பந்தயக் கடைக் கவுண்டரில் நிற்கிறவனுக்கு இரண்டு வேலைகள்: வென்றவனுக்குக் காசு கொடுப்பது, தோற்றவனுக்கு விளக்கம் சொல்வது. இரண்டாவதற்குச் சம்பளம் இல்லை. ஆனால் நாள் முழுக்க அந்த வேலைதான். பெற்றோல் நிலையத்திலோ கடைக் கல்லாவிலோ நின்று, தான் செய்யாத ஒன்றுக்காகப் பேச்சு வாங்கியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

நான் சொல்கிற விளக்கம் என்னுடையது அல்ல. அதைப் பல வருடங்களாகச் சொல்லியும் வருகிறேன், பல வருடங்களாகச் சந்தேகப்பட்டும் வருகிறேன். சொன்னவர் நேசன். ஜேர்மனியில் நெடுங்காலம் இருந்துவிட்டு லண்டன் வந்தவர். எங்கள் ஈஸ்ட் ஹாம் கடையில் மெஷின் பழுதானால் திருத்த வருவார். சுவரோரமாக நாலு மெஷின் நிற்கிறது. திரையில் ரூலெற் சக்கரம் சுழலும், வெள்ளைப் பந்து ஓடும், ஒரு இலக்கத்தில் விழும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இது ஆட்களை ஏமாற்றுகிறதா என்று நேசனிடம் கேட்டேன். "அண்ணை, உந்தச் சக்கரம் சும்மா படம். பட்டனை அமத்தின உடனேயே உள்ளுக்கை நம்பர் விழுந்திட்டுது. முந்தி என்ன விழுந்தது, ஆர் விளையாடுறான், எவ்வளவு விட்டவன், ஒண்டும் அதுக்குத் தெரியாது. மெஷினுக்கு ஞாபகம் இல்லை" என்றார்.

அன்றைக்கே ஒன்றைக் கவனித்தேன். நேசன் திருத்துவது திரையையும் காசுத்தாள் போகிற வாயையும்தான். இலக்கத்தைத் தீர்மானிக்கிற பெட்டி முத்திரை வைத்தது. அதைத் திறக்க அவருக்கு அனுமதி இல்லை. பெட்டியைத் திறந்து பார்க்காதவர் எனக்குச் சொன்னார். மெஷினையே திறந்து பார்க்காத நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கை தெரிய வேணும்

செல்வம் இறைச்சிக் கடையில் வெட்டுகிறவர். கிழமைக்கு ஒரு நாள் லீவு. அந்த நாள் எங்களுக்கு. கவுண்டருக்குப் பின்னால் எனக்கு ஒரு கம்பியூட்டர் இருப்பதும், எந்த மெஷினில் எவ்வளவு காசு கிடக்கிறது என்று அதில் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். ஒரு பேனை விழுந்து நான் குனிந்தபோது அவருக்குத் தோல்வி. மூக்குத் துடைக்கத் திரும்பியபோது இன்னொன்று. கீழே ஒரு பட்டன் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நானும் கவுண்டருக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தவன்தான்.

"அண்ணை, ரெண்டு கையையும் மேல வையுங்கோ, நான் ஒரு ஆட்டம் போடுறன்" என்றார். வைத்தேன். குதிரைப் பந்தயச் சீட்டோடு முன்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவரிடம் ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னேன். என்ன நடக்கிறது என்று விளங்காமலே அவரும் மரியாதைக்குத் தன் கைகளைக் கவுண்டரில் வைத்தார். நாலு கைகளும் வெளிச்சத்தில் கிடந்தன. சக்கரம் சுழன்றது. செல்வம் தோற்றார். மெஷினைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார், பிறகு கவுண்டருக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"கையை மேல வைச்சுக்கொண்டு காலால அமத்திறியள், என்ன அண்ணை?"

நிரம்பின மெஷின்

"மெஷின் நிரம்பியிட்டுது, இனிக் கக்கும்" என்று சொல்கிறவர்களை முட்டாள்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் ஆட்களில் பலர் வந்த புதிதில் பழகியது மதுக்கடை மூலையில் நிற்கிற, பழப் படங்கள் சுழல்கிற மெஷினில். அது விழுங்கியதில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுக்கும்படி செய்யப்பட்டதாம். நிறைய விழுங்கினால் கொடுக்கிற நேரம் நெருங்கும். இதையும் நேசன்தான் சொன்னார். அங்கே படித்த சரியான பாடத்தை இங்கே வந்து பிழையான பரீட்சையில் எழுதுகிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு மழை நாள். ஒருவர் மூன்றாவது மெஷினில் கையிலிருந்த காசையெல்லாம் தோற்றுவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனார். பெயின்ரர் வேலை செய்கிற பாலாவும், தபால்காரராக இருந்து ஓய்வுபெற்ற டெரியும் ஒன்றாக எழுந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேரும் மறுபடி கதிரையில் இருந்தார்கள். மெஷின் நிரம்பிவிட்டது சரி, முழுக்க நிரம்ப இன்னும் கொஞ்சம் வேண்டும். அந்தக் கொஞ்சத்தை மற்றவர் போடட்டும். "நீர் போம்" என்று இவர் கையைக் காட்டுவார். "இல்லையில்லை, நீங்கள் முதலில்" என்று அவர் காட்டுவார். இவ்வளவு பண்பான மனிதர்களை எங்கள் கடை அதற்கு முன் கண்டதில்லை. தேநீர் குடித்தார்கள். மனேஜராக இருந்த போலந்துப் பெண், இவர்களுக்கு என்ன பிரச்சினை என்று என்னைக் கேட்டாள். ஒருவர் தோற்கும்வரை மற்றவர் காத்திருக்கிறார் என்றேன்.

அப்போது மழைக்கு ஒதுங்கிய ஒரு மனிதர், இரண்டு கைகளிலும் மரக்கறிப் பைகளோடு உள்ளே வந்தார். சும்மா நிற்கக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். ஒரு பவுண் நாணயக் குற்றியைப் போட்டு, ஒரு இலக்கத்தைத் தொட்டு, பட்டனை அமத்தினார். அந்த இலக்கமே விழுந்தது. காசை வாங்கிக்கொண்டு, பஸ் வருகிறது என்று ஓடிவிட்டார். டெரி தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார். பாலா என்னிடம் வந்தார்.

"மத்தியானம் துவக்கம் நாங்கள் ரெண்டு பேரும் அந்தாளுக்கெண்டு மெஷினைக் காவல் காத்திருக்கிறம் அண்ணை."

எந்த நாட்டு ராகுகாலம்

கந்தையா அண்ணைக்கு எழுபது தாண்டிவிட்டது. ராகுகாலத்தில் மெஷினைத் தொடமாட்டார். கோயிலில் கொடுக்கிற, லண்டன் நேரம் போட்ட கலண்டரைப் பார்த்து, நல்ல நேரம் பிறந்த பிறகுதான் கடைக்குள் வலது காலை வைப்பார். அப்படி வந்தும் தொடர்ந்து தோற்றார். ஒரு நாள் மெஷினின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்து, ஒட்டியிருந்த தகட்டை என்னைக் கொண்டு வாசிப்பித்தார். ஒஸ்திரியாவில் செய்தது என்று இருந்தது. "அங்க எங்களைவிட ஒரு மணித்தியாலம் முந்தி எல்லோ?" என்று கேட்டுவிட்டு யோசனையோடு போனார்.

அடுத்த கிழமை ஒஸ்திரியாவின் நல்ல நேரத்துக்கு வந்து தோற்றார். அன்று நேசனும் கடையில் நின்றார். ஆட்டங்களுக்கான கம்பியூட்டர் நிரல்கள் இன்னொரு நாட்டிலிருந்து லைன் வழியாக வருகின்றன என்று அவர் வாய்தவறிச் சொல்லிவிட்டார். கந்தையா அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சிரிக்க வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்னதைக் கேட்ட பிறகு சிரிப்பு வரவில்லை.

"நிக்கிறது ஈஸ்ட் ஹாமில, பிறந்தது ஒஸ்திரியாவில, மூளை கிடக்கிறது வேற எங்கயோ. எங்கட ஆக்கள் மாதிரியே இருக்குது. உதுக்கு எந்தப் பஞ்சாங்கம் தம்பி பாக்கிறது?"

சத்தம் போதும்

இந்த வருடம், 2009 பங்குனி சித்திரையில், எங்கள் ஆட்களின் வரவு குறைந்தது. வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்தது. எல்லோரும் பதாகைகளோடு பாராளுமன்றத்துக்கு முன்னால், வெஸ்ட்மினிஸ்டர் தெருவில் நின்றார்கள். தேவனும் அங்கே போனவர்தான். ஈஸ்ட் ஹாமிலும் ஃபாரஸ்ட் கேட்டிலும் உள்ள கடைகளுக்குத் தன் சொந்த வான் வண்டியில் மரக்கறி இறக்குகிறவர். விடிய முன்பே வேலை தொடங்கி மத்தியானத்தோடு முடிந்துவிடும். அவருடைய தமையன் குடும்பம் வன்னியில் அகப்பட்டிருந்தது. அந்த நாட்களில்தான் அவர் எங்கள் கடைக்கு வரத் தொடங்கினார். மெஷினில் சத்தத்தைக் கூட்டிவிட்டுச் சிறிய காசுக்கு விளையாடுவார். வென்றாலும் தோற்றாலும் முகம் மாறாது. ஏன் இவ்வளவு சத்தம் என்று கேட்டேன். போன் அடிக்கிறது கேட்கக்கூடாது என்றார்.

வைகாசிக்குப் பிறகு போன் அடிக்கவே இல்லை. தேவன் பெரிய காசுக்கு விளையாடத் தொடங்கினார். எல்லோரும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டார். ஆனால் மற்றவர்கள் மாதிரி ஏசிக்கொண்டு அல்ல. வைத்தியரிடம் கேட்பது போல, குரலைத் தாழ்த்தி. "அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. உது எங்களை ஏமாத்துதோ?" நான் நேசனின் விளக்கத்தைச் சொன்னேன். ஏமாற்றவில்லை, யாரும் பின்னால் இல்லை, அதற்கு உங்களைத் தெரியாது என்றேன். ஆறுதலாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவர் முகம் தெளிந்தது. நான் பார்த்து அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

"ஆரும் வேணுமெண்டு செய்யேல்லை எண்டா, ஒருநாளைக்கு எனக்கும் விழத்தானே வேணும்."

தங்கச்சி கேட்டது

புரட்டாதியில் ஒரு மத்தியானம் தேவனின் மனைவி யசோ வந்தா. பள்ளிக்கூடச் சாப்பாட்டு மண்டபத்தில் வேலை. உடுப்பில் இன்னும் சாப்பாட்டுக் கொம்பனியின் பெயர் இருந்தது. எங்கள் கடைக்குள் தமிழ்ப் பெண் வருவது அருமை. இருந்த ஆண்கள் எல்லோரும் ஏதோ ஒரு திரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். "அண்ணை, இவர் வானை விக்கப்போறார். வாங்க ஆள் பாத்திட்டார். சனிக்கிழமை வான் திறப்பைக் கையில குடுக்கிறதாம்" என்றா. வான் போனால் அந்த வீட்டில் என்ன மிஞ்சும் என்று அவ சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

தன்னை உள்ளே விடவேண்டாம் என்று ஒருவர் எங்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அவரேதான் கையெழுத்து வைக்க வேண்டும் என்றேன். அதைத் தேவனிடம் கேட்டுப் பார்த்தாவாம். "அவர் வையார். எனக்கு ஒரு உதவி செய்யுங்கோ. மெஷின் கள்ளமெண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. காசைக் களவு குடுத்தன் எண்டு நினைச்சா விட்டிடுவார் அண்ணை. இப்ப தோத்தன் எண்டெல்லோ நினைக்கிறார், அதுதான் திரும்பத் திரும்ப வாறார்." எனக்குத் தெரியாத ஒன்றை நான் எப்படித் தங்கச்சி சொல்வது என்று கேட்டேன். கேட்கும்போது அது நேர்மையான பதிலாகத்தான் தெரிந்தது. அவ கோபப்படவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டா.

"தெரியாத ஒண்டைத்தானே அண்ணை இவ்வளவு நாளும் சொன்னனீங்கள்?"

நேசன் வந்த நாள்

அடுத்த நாள் தேவனிடம் சொல்லிப் பார்த்தேன். மெஷினில் ஏதோ சுத்துமாத்து இருக்கும் போல என்று தொடங்கினேன். என் முகத்தைப் பார்த்தவுடனே அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "யசோ வந்தவவோ அண்ணை?" என்று கேட்டுவிட்டு, காசுத்தாளை நீவி உள்ளே விட்டார். இத்தனை வருடம் ஒரே பேச்சைப் பேசிய வாயிலிருந்து எதிர்ப்பேச்சு வந்தால் யார் நம்புவார்கள்? அந்தச் சொல்லு வர வேண்டியது மெஷினின் திறப்பு வைத்திருக்கிறவரிடமிருந்து.

வெள்ளிக்கிழமை தேவனின் மெஷினில் காசுத்தாள் சிக்கியது. நேசன் வந்து கதவைத் திறந்து, முழங்காலில் நின்று வேலை செய்தார். வயர்களுக்கு நடுவே முத்திரை வைத்த அந்தப் பெட்டி தெரிந்தது. வெளியே, கண்ணாடிக்கு அப்பால், மெஷின் சரிவரட்டும் என்று தேவன் சிகரெட்டோடு நின்றார். நான் நேசனுக்குத் தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "என்ன அண்ணை, பழைய கேள்வியோ?" என்று அவர் நிமிராமலே சிரித்தார். அந்தப் பழைய கேள்விக்கு அடுத்ததை, திறக்காத பெட்டியைப் பற்றி உமக்கு யார் சொன்னது என்பதை, எத்தனையோ வருடமாகக் கேட்காமல் வாயில் வைத்திருந்தேன். யசோவைப் பார்த்த பிறகு அதன் பதில் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மெஷின் நேர்மையானதா என்று அறியவே இந்தத் தொழிலில் முடி நரைத்தவன், அதைப் பற்றி விளக்கம் சொன்ன ஒரே மனிதரிடம் கடைசியில் கேட்டது இதுதான்: "பெட்டிக்குள்ளை என்ன கிடக்குதெண்டது இருக்கட்டும் நேசன், வெளியில நிக்கிற தேவனை உள்ளுக்குக் கூப்பிடுறன், கதவைத் திறந்து வைச்சபடியே, உது களவெடுக்குதெண்டு அவருக்கு ஒரு சொல்லுச் சொல்லுவீரோ?"