தொப்புளுக்குக் கீழே ஒரு சந்தேகம்

இருமலுக்கு மருந்து கேட்கிறவன் தெருவுக்கே கேட்கும்படி கேட்பான். முடி எடுக்கிற பொடி கேட்கிறவன் மட்டும் கல்லாவைச் சுற்றி வந்து என் காதுக்குள் கேட்பான். மலாயாவில் பத்து பாகாட் ஊரில் மருந்துக்கடை வைத்த நாளிலிருந்து இப்படித்தான். அதனாலேயே யார் மெதுவாகப் பேசினாலும் எனக்குச் சந்தேகம். தொப்புளுக்குக் கீழே முடியை நாற்பது நாளுக்கு மேல் வளரவிடக் கூடாது என்பது எங்கள் ஜமாத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். தொந்தி வைத்து, கண் மங்கி, நடுவயதைத் தாண்டிக்கொண்டிருக்கும் அன்பர்களே, நம் பாடு நமக்குத்தானே தெரியும்!

மச்சானின் பொட்டலம்

பொந்தியானில் ஜவுளிக்கடை வைத்திருந்த மரைக்காயர் ஒருவர் எங்கள் ஊருக்கு வரும்போதெல்லாம் என் கடையில் நுழைவார். சீரகம், ஓமம், கடுக்காய் என்று ஆரம்பித்து, கடை காலியானதும், "மச்சானுக்கு அந்தப் பொடி ஒண்ணு" என்பார். சுண்ணாம்பும் அரிதாரம் என்கிற பாஷாணமும் கலந்த சரக்கு அது. குழைத்துப் பூசி, காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் தோலும் சேர்ந்து வந்துவிடும்.

ஒரு மச்சானுக்கு இவ்வளவு பொடியா என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த மச்சான் கப்பலேறிவிட்டதாகக் கேள்விப்பட்ட பிறகும் மனிதர் பொட்டலம் கேட்டார். விடுவேனா? "மச்சான் ஊருக்குப் போய்ட்டாருன்னு சொன்னாங்களே காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டேன். மரைக்காயர் கொஞ்சமும் அசரவில்லை. "அவரு போய்ட்டாரு தம்பி, அவரு பேர மட்டும் இங்க விட்டுட்டுப் போயிருக்காரு."

கத்தி எடுத்த கதை

நான் விற்கும் பொடியை நான் தொடுவதில்லை. அதில் என்ன கலந்திருக்கிறது என்று எனக்குத் தெரியுமே! எனக்குக் கத்திதான். வாலிபத்தில் ஒரு தொல்லையும் இல்லை. வயிறு வளர்ந்த பிறகு கீழே என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை. கண்ணாடியைத் தரையில் சாய்த்துப் பார்த்தேன். கண்ணாடியில் இடது வலதாகிவிட, கை ஒரு பக்கம் போக, கத்தி இன்னொரு பக்கம் போனது.

போட்ட சத்தத்தில் பக்கத்துக் கடைச் சீனன், திருடன் வந்துவிட்டான் என்று கதவைத் தட்டினான். என் மனைவி கதீஜா அவனை ஏதோ சொல்லி அனுப்பிவிட்டுத் தேங்காயெண்ணெயோடு வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அங்க என்ன ரப்பர்த் தோட்டத்துப் பால் மரமா நிக்குது, விடியுமுன்ன இருட்டுல வெட்டுறதுக்கு?"

குளிப்பாட்டப் போன இடம்

எங்கள் தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒரு பக்கம் கை கால் விழுந்துபோய், நெடுநாள் படுக்கையில் கிடந்து மௌத்தானார். மையித்தைக் குளிப்பாட்ட பள்ளிவாசல் மோதினாரோடு நானும் நின்றேன். தொப்புளிலிருந்து முழங்கால்வரை துணி மூடியிருக்கும். கையிலும் துணி சுற்றிக்கொண்டு, பார்க்காமல் உள்ளே விட்டுக் கழுவ வேண்டும். பார்க்காவிட்டால் என்ன, நெடுநாள் எடுக்காத முடி கைக்குத் தெரியாதா? வாரம் தவறாமல் நகம் வெட்டி, வெள்ளிக்கிழமை அத்தர் பூசி வந்த மனிதர் அவர். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாளை நான் இப்படிக் கிடந்தால் என்ற பயமும் கூடவே வந்தது.

வெளியே வந்து கை கழுவும்போது மோதினார் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "மகனுங்க ரெங்கம் ஊருல இருந்து வந்து கஞ்சி ஊத்துனாங்க, கால் புடிச்சாங்க. இத யாருகிட்ட சொல்லுவாரு? மனுசன் எவ்வளவு கூசிக் கிடந்தாரோ."

தாடிக்கார ஏஜண்டு

இப்படிப் பயந்துகிடந்த நேரம் பார்த்து ஒரு ஏஜண்டு வந்தான். சிங்கப்பூர்க் கோட்டு, கையில் படம் போட்ட புத்தகம். ஜொகூர் பாருவில் ஒரு மின்சார யந்திரம் வந்திருக்கிறதாம். எலும்பைப் படம் பிடிக்கிற அதே வெளிச்சமாம், கண்ணுக்குத் தெரியாதாம், உடம்புக்கு வலிக்காதாம், சாகும்வரை முடி முளைக்காதாம். ஆள் அனுப்பினால் எனக்குக் கமிஷனும் உண்டாம்.

ஆளென்ன, நானே போகலாம் என்று ஆசை வந்தது. கை கால் நன்றாக இருக்கும்போதே முடித்துவிட்டால், பிறகு யார் கையிலும் கூசிக் கிடக்க வேண்டாமே. ஆனால் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் என்றதும் என் சந்தேகம் எழுந்து உட்கார்ந்துகொண்டது. அவனுக்கோ கன்னம் முழுக்கத் தாடி. "நீங்க ஏன் அந்த வெளிச்சத்துல காட்டிக்கல?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே புத்தகத்தை மூடினான். "நான் விக்கிறவன் முதலாளி, வாங்குறவனா?"

கையுறை போட்டவர்

கதீஜாவிடம் சரக்கு எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஜொகூர் பாருவுக்கு பஸ் ஏறினேன். ஒரு கடையின் மாடியில் யந்திரம் இருந்தது. அதை ஓட்டியவர் முன்பு எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸராக இருந்த தமிழர். மெலிந்த மனிதர், மரியாதையாகப் பேசினார். கைலியைத் தளர்த்திப் படுக்கச் சொன்னார். படுத்தேன். யந்திரத்தின் குழாயைக் கையால் பிடித்து என் பக்கம் திருப்பினார். அந்தப் புழுக்கத்திலும் இரண்டு கையிலும் உறை போட்டிருந்தார்.

"இது நெசமா வேலை செய்யுமா? எதுக்குக் கையுறை? கழட்டுங்க, பாக்கணும்" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு மெல்லக் கழற்றினார். முழங்கைவரை ஒரு முடி இல்லை. தோல் வெந்ததுபோல் பளபளத்தது, விரல் நுனிகள் மொட்டையாக இருந்தன. "நல்லா வேலை செய்யும் முதலாளி. முடி முளைக்கல, நகமும் முளைக்கல, இந்தப் புண்ணு மட்டும் ஆற மாட்டேங்குது."

ஆகவே அன்பர்களே, நிரந்தரமான எதுவும் நமக்கு வேண்டாமென்று கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீடு வந்து, நான் படுக்கையில் விழுந்துவிட்டால் கத்தியை நீதான் பிடிக்க வேண்டும் என்று கதீஜாவிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டு வாக்கும் வாங்கிவிட்டேன், ஆனால் அவள் ஏன் அவ்வளவு சீக்கிரம் சம்மதித்தாள் என்பதுதான் இன்றுவரை எனக்குச் சந்தேகம்.