நொக்கை றோஸக்கா என்று கூப்பிட்டவள்

யூலியானா அடுப்பை அணைக்க மறந்து சமையலறைத் திரைச்சீலை எரிந்த கிழமையில்தான் ஸ்ரனிஸ்லாஸ் அவளை அந்தத் தாய்லாந்துச் சாப்பாட்டுக் கடைக்கு முதன்முதலாகக் கூட்டிப்போனார். அதற்குப் பிறகு அவளை அடுப்பருகே விட அவருக்குப் பயமாக இருந்தது. அவருக்கோ சமைக்கத் தெரியாது. டென்மார்க்கின் ஒடென்சேயில் அவர்கள் குடியிருந்த இடத்திலிருந்து ட்ராமில் நாலு தரிப்பிடம் தள்ளி, சைக்கிள் திருத்தும் கடைக்குப் பக்கத்தில், ஏழு மேசைகளோடு அது இருந்தது. மதியச் சாப்பாடு மலிவு. கேட்டால் இன்னொரு கரண்டி சோறும் போடுவார்கள்.

யூலியானாவுக்கு அப்போது அறுபத்துமூன்று வயது. முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள். மறதி பிடித்தவர்களைக் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி விட்டவள். தனக்கு வந்திருப்பது என்னவென்று வைத்தியர் சொல்லுமுன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. "இது எப்பிடிப் போகுமெண்டு எனக்குத் தெரியும். நீங்கள் பயப்பிடாதேங்கோ" என்று ஒரு நாள் பல் தீட்டிக்கொண்டிருந்த புருசனிடம் சொன்னாள். சொன்னதையும் பிறகு மறந்துபோனாள்.

கடைக்காரியின் பெயர் நொக். ஐம்பத்தைந்து வயதிருக்கும். டெனிஷ்காரர் ஒருவரைக் கட்டி இங்கே வந்து, அவர் செத்த பிறகு தனியே கடையை நடத்துகிறவள். சமைப்பதும் அவள்தான், தட்டைக் கொண்டுவந்து வைப்பதும் அவள்தான். அன்றைக்கு யூலியானா கரண்டியை ஒதுக்கிவிட்டு, தேங்காய்ப்பால் விட்ட கோழிக்கறியைச் சோற்றோடு குழைத்துக் கையால் சாப்பிடத் தொடங்கினாள். பக்கத்து மேசைக்காரர் பார்த்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டார். நொக் ஒரு கிண்ணத்தில் வெந்நீரும் தேசிக்காய்த் துண்டும் கொண்டுவந்து வைத்து, தன்னுடைய ஊரிலும் கையால்தான் சாப்பிடுவார்கள் என்று உடைந்த டெனிஷில் சொன்னாள். யூலியானா நிமிர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"றோஸக்கா, நீ எப்ப வந்தனீ?" என்று கேட்டாள்.

றோஸ் யூலியானாவின் அக்கா. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்துச் சனமெல்லாம் இடம்பெயர்ந்தபோது, வழியில் காய்ச்சல் கண்டு இறந்துபோனவள். நொக்குக்கும் அவளுக்கும் முகத்தில் ஒற்றுமை எதுவும் இல்லை. குள்ளமான உருவமும் இழுத்துப் போட்ட கொண்டையும் மட்டும் ஒன்றுபோல. ஸ்ரனிஸ்லாஸ் எழுந்து, மனைவிக்கு மறதி வருத்தம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். நொக் பரவாயில்லை என்று கையைக் காட்டி, யூலியானாவின் தோளைத் தடவிவிட்டுப் போனாள்.

அதிலிருந்து ஒவ்வொரு வியாழனும் போனார்கள். மதியக் கூட்டம் குறைந்ததும் நொக் வந்து பத்து நிமிடம் பக்கத்தில் இருப்பாள். யூலியானா அவள் கையைப் பிடித்துக்கொண்டு தமிழில் கதைப்பாள். ஒரு சொல்லும் விளங்காத நொக் தலையாட்டிக்கொண்டிருப்பாள். வீட்டில் யூலியானா புருசனை "ஐயா" என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். இருட்டுப்பட்டால், நீங்கள் உங்கடை வீட்டை போகேல்லையோ என்று மரியாதையாகக் கேட்பாள். ஒரு அந்நியப் பெண்ணைச் சொந்தமென்று பிடித்துக்கொள்கிறாளே என்று அவருக்கு உள்ளுக்குள் எரிந்தது. ஆனால் அந்த மேசையில்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள். அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து மகன் றொனிஷன் போனில் டெனிஷில் விசாரிக்கும்போதெல்லாம், அம்மா நல்லாச் சாப்பிடுறா என்று மட்டும் சொல்வார்.

நவம்பரில் ஒரு மழை நாள். கடையில் வேறு ஆட்கள் இல்லை. யூலியானா சாப்பிட்ட கையோடு, கோபமுமில்லாமல் அழுகையுமில்லாமல் நொக்கிடம் சொன்னாள்:

"நீதானே அந்த மாப்பிள்ளையின்ரை படத்தை எடுத்து அம்மாட்டைக் குடுத்தனீ. நான் பாக்கவே இல்லை. வேண்டாமெண்டு எவ்வளவு அழுதனான். ஆரெண்டு தெரியாத ஆளோடை அந்தக் குளிர் நாட்டிலை நான் என்னெண்டு இருக்கிறது, அக்கா?"

பிறகு ஸ்ரனிஸ்லாஸைக் காட்டி, "இவர் நல்ல மனுசன். சாப்பாடு வாங்கித் தாறார். ஆனா என்னை வீட்டை கொண்டுபோய் விடச் சொல்லு" என்றாள்.

மாப்பிள்ளைப் படங்கள் மூன்றை முன்னால் வைத்தபோது யூலியானா ஸ்ரனிஸ்லாஸின் படத்தில்தான் விரலை வைத்தாள் என்பது முப்பத்தாறு வருடமாக அவர் சொல்லிவந்த கதை. றொனிஷனின் கலியாணத்தில் மைக்கைப் பிடித்தும் அதைச் சொன்னார். எல்லாரும் கைதட்டினார்கள். அவள் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது அவர் கரண்டியைத் தட்டிலேயே வைத்தார். நொக் வழக்கம்போலத் தலையாட்டினாள்.

அடுத்த இரண்டு வியாழனும் அவர் அவளைக் கூட்டிப்போகவில்லை. பாணும் சீஸும் வெட்டி வைத்தார். அவள் தட்டைத் தள்ளிவிட்டு, மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு கதவடியில் போய் நின்றாள். பின்னேரம்வரை நின்றாள். யாரைத் தண்டிக்கிறேன் என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது. மூன்றாவது வியாழன் கூட்டிப்போனார். நொக் வழக்கமான வெந்நீர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள்.

ஜனவரியில் யூலியானா குளியலறையில் விழுந்ததில் இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே பராமரிப்பு இல்லமொன்றுக்குக் கொண்டுபோனார்கள். கடை பூட்டும் திங்கட்கிழமை ஒன்றில் நொக் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, தடித்த குளிர்ச்சட்டையும் தொப்பியுமாக அங்கே வந்தாள். யூலியானா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்கள் புதிதாக வேலைக்கு வந்தவரா என்று பிசகில்லாத டெனிஷில் கேட்டாள். கையுறை மேசையின் மேல் லாச்சியில் இருக்கிறது, நாலாம் அறைக்காரருக்கு மெதுவாகத் தீத்த வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். நொக் தொப்பியைக் கழற்றிக் கொண்டையைக் காட்டிப் பார்த்தாள். பலனில்லை. சரி, சரி என்று கேட்டுக்கொண்டு நின்றாள். கொண்டுவந்த சாப்பாட்டில் யூலியானா இரண்டு வாய்தான் எடுத்தாள்.

ஸ்ரனிஸ்லாஸோடு திரும்பும்போது ட்ராம் தரிப்பிடத்தில் நொக் அழுதாள். இவ்வளவு நாளும் யூலியானா தன்னிடம் என்ன சொன்னாள் என்று கேட்டாள். ஸ்ரனிஸ்லாஸின் டெனிஷும் அவளுடையதைப் போலத்தான்.

"தன் அக்காவோடு பேசினாள்" என்றார். "நான் பக்கத்தில் இருந்திருக்கக் கூடாது."



மே மாதம் யூலியானா இறந்தாள். அடக்கப் பூசைக்கு நொக் வந்து கடைசி வாங்கில் இருந்தாள். அது ஆரெண்டு றொனிஷன் கேட்டான்.

"அம்மா கதைக்கிற ஆள்" என்றார் ஸ்ரனிஸ்லாஸ்.

நொக் இரண்டு தடவை போன் எடுத்துச் சாப்பிட வரச் சொன்னாள். வாறன் என்றார். ஒரு வியாழன் கடை வாசல்வரை போய், கண்ணாடிக்கு வெளியே சற்று நின்றுவிட்டுத் திரும்பிவந்தார். இப்போது மதியத்தில் அவர் வீட்டில் பாண்தான் சாப்பிடுகிறார்.