மாசிலாமணியின் முப்பது கிலோ

இரண்டு வருடத்தில் மாசிலாமணி சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு வாரம். அதுவும் கடைசி வாரம்.

சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் பதினெட்டாவது மாடி வீடு என்னுடையது. கணவர் போன பிறகு ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தேன். அதில் வந்து சேர்ந்தவன் அவன். துறையூர் பக்கம் ஒரு கிராமத்தில் சின்ன வெங்காயம் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கிறான். படித்த டிப்ளமா வீணாகிறதே என்று மாமனார் பிடுங்கிய பிடுங்கலில் இங்கே ஏர்கான் கம்பெனிக்கு வந்துவிட்டான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டில், கிளினிக்கில் நம்பர் கூப்பிடக் காத்திருப்பவன் மாதிரி நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருப்பான். எனக்கு எரிச்சல் வரும்.

"ஏன் தம்பி இப்படி உம்முன்னு இருக்கீங்க? நல்லாத்தானே இருக்கு இந்த ஊரு?"

"நல்லாத்தான் இருக்குக்கா. எனக்குத்தான் ஒட்டல."

ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு டிக்கெட்டோடு வந்து நின்றான். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். லிஃப்டில் வருகிற எல்லாருக்கும் இவனே பட்டன் அமுக்கினான். எதிர்வீட்டுச் சீனருக்கு வெங்காய நடவைத் தமிழிலேயே விளக்கினான். பாவம், அவரும் தலையாட்டினார். என் அடுப்பில் பாடிக்கொண்டே தோசை ஊற்றி மூன்றைக் கருக்கினான். திட்டலாம் என்று வாயைத் திறந்தால் எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

ஒரே ஒரு பயம்தான் அவனுக்கு. பாதியில் திரும்புகிறவனை ஊர் என்ன சொல்லும்?

"சிங்கப்பூர் போயி என்னத்தக் கிழிச்சான்னு கேப்பாங்கக்கா. முத்தாயிக்குத்தான் தலைகுனிவு."

முத்தாயி அவன் மனைவி. அவளுக்காகவே ஒரு பெரிய பெட்டி வாங்கி நிரப்பினான். மாமனாருக்குக் கைக்கடிகாரம், பங்காளிகளுக்குச் சட்டையும் சென்ட்டும், முத்தாயிக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை. என் எடை மெஷினில் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி நிற்பான். அவன் எடையைக் கழித்து நான் சொல்ல வேண்டும். முப்பது கிலோ, மிகச் சரியாக. விமானத்தில் அவ்வளவுதான் விடுவார்கள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. ஊருக்குப் போறது தெரிஞ்சா பார்சலோட வந்துடுவாங்க" என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டானா? கிளம்புவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, தேக்கா கடைத்தெருவுக்கு முடிவெட்டப் போனான். கத்தரி காதருகே வருவதற்குள் ரமீஸிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். துறையூர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் முடிவெட்டுகிறவர் அந்த ரமீஸ்தான்.

சாயங்காலம் என் வாசலில் பதினேழு ஜோடி செருப்பு. முணுமுணுத்துக்கொண்டே எல்லாருக்கும் டீ போட்டேன். ஒருவர் அம்மாவுக்குச் சர்க்கரை பார்க்கிற மெஷின் கொண்டுவந்தார். இன்னொருவர் இன்னும் நேரில் பார்க்காத மகளுக்குச் சிவப்புக் கவுன். பிறகு தைலம், போர்வை, மிலோ டின். "சின்னதுதாண்ணே, ஒரு ஓரமா வச்சுக்குங்க" என்று எல்லாருக்கும் ஒரே வசனம். மாசிலாமணிக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர்கள் போனதும் எடை போட்டோம். கைப்பையில் அடைத்தது போக, பார்சல்கள் மட்டுமே முப்பது கிலோ.

"பாதியத் திருப்பிக் குடுங்க லா. உங்க சாமான் என்னாகிறது?" என்று கத்தினேன்.

அவன் அந்தக் கவுனையே பார்த்துக்கொண்டிருந்தான். "அந்தப் புள்ள காத்துக்கிட்டு இருக்குமேக்கா."

பிறகு தன் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து என் கட்டிலில் வைத்தான். சேலையை மட்டும் இரண்டு தடவை நீவிவிட்டான். "வெறுங்கையோட போயி நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறேன்" என்று சிரித்தான். கண்ணில் சிரிப்பு இல்லை. எனக்கு அழுகை வந்தது, ரமீஸ் மேல் கோபமும் வந்தது.

மறுநாள் காலை டாக்சியில் ஏற்றி அனுப்பினேன். அதற்கப்புறம் ஒரு வேலை ஓடவில்லை. மத்தியானம் போன் அடித்தது. வீடியோவில் முத்தாயி, பின்னால் திருச்சி ஏர்போர்ட் வாசல்.

அங்கே திருவிழாக் கூட்டம். பார்சல் வாங்கப் பதினேழு வீட்டிலிருந்தும் வந்திருந்தார்கள். இரண்டு வேன், ஒரு மாலை. "மாசிலாமணி வந்தாச்சு" என்று யாரோ கத்த, கூட்டமே திரும்பியது. நடுவில் இவன், கழுத்தில் மாலையோடு, இடுப்பில் ஒரு குழந்தையோடு. போட்டிருந்த சட்டைக்கு மேலேயே அதற்குச் சிவப்புக் கவுனை மாட்டிவிட்டிருந்தார்கள். "தள்ளாதீங்கப்பா, என் மருமகன் எல்லாருக்கும் குடுப்பாரு" என்று மாமனார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அதட்டிக்கொண்டிருந்தார். மாசிலாமணி சிரித்த சிரிப்பில் எனக்குக் கண் நிறைந்து திரையே தெரியவில்லை.

"உன் சேலை இங்க இருக்கும்மா. அடுத்துப் போற ஆள்கிட்ட குடுத்து விடுறேன்" என்றேன்.

"அது மெதுவா வரட்டும்க்கா" என்றாள் முத்தாயி. "எல்லாரும் அவங்கவங்க சாமானை வாங்கிக்கிட்டுப் போகட்டும்னு ஒரு மணி நேரமா ஓரமா நிக்கிறேன். கடைசியா மிஞ்சுறது எனக்குப் போதும்."