விரல் வெட்டிய சாக்ஸ்

ஒன்றாம் வகுப்பு டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சார்ஜர். பன்னிரண்டு டேப்லெட்டுக்கு அறையில் ஒரே பிளக் பாயிண்ட். ஏழரை மணிக்கே வந்து மாற்றி மாற்றிச் செருகிக்கொண்டிருப்பார். நடப்பதும் ஓட்டம்தான்.

அந்த வகுப்பில் ஒரு சிறுமி. பேச்சு வராது, வலது கை விறைப்பு. அவளுக்குச் சாப்பாடு ஊட்டுவதும் உடை மாற்றுவதும் என் வேலை. ஒன்றாம் வகுப்பில் அவளுக்கு அது இரண்டாவது வருஷம். இந்தத் தேர்விலும் தேறாவிட்டால் தொலைவில் உள்ள விடுதிக்கு அனுப்பிவிடுவதாகத் தலைமையாசிரியை அவள் அம்மாவிடம் சொல்லியிருந்தார்.

டேப்லெட் ஒரு எண்ணைச் சொல்லும், பிள்ளை அதைத் தொட வேண்டும். இவள் தொட்டால் எப்போதும் தப்பு. டீச்சர் மூன்று நாள் திரையைப் பார்க்கவே இல்லை, அவள் கையையே பார்த்தார். நான்காம் நாள் சோறு ஊட்டும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஆயாம்மா, விரலுக்கு முன்னாடி இவ உள்ளங்கை விழுது, கவனிச்சீங்களா?"

"ரெண்டு வருஷமா அப்படித்தான் விழுது. அதுக்கென்ன இப்ப?"

"அந்த உள்ளங்கையத்தான் டேப்லெட் பதில்னு எடுத்துக்குது. தப்பு இவ மேல இல்ல."

சொன்ன கையோடு என் பையிலிருந்த மாற்று சாக்ஸில் ஒன்றை எடுத்து, நுனியில் ஒரு விரல் அளவுக்குக் கத்தரித்தார். புது சாக்ஸ், அவள் அம்மா என்னைத்தான் கேட்பாள் என்றேன். காதில் வாங்கினால்தானே! துணி பட்டால் திரைக்குத் தெரியாதாம். அவள் கையில் மாட்டியதும் உள்ளங்கையைத் துணி மறைக்க, சுட்டு விரல் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஏழு என்றது டேப்லெட். ஏழைத் தொட்டாள். அடுத்ததும் சரி. ஊட்டிக்கொண்டிருந்த சோறு எனக்கு மறந்துபோனது.

தேர்வன்று தலைமையாசிரியை சாக்ஸைப் பார்த்ததும் கழற்றச் சொன்னார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே விதிதானாம். டீச்சர் உடனே கழற்றினார்.

"மேடம், உங்க உள்ளங்கையத் திரை மேல வெச்சுக்கிட்டு அஞ்சைத் தொடுங்க."

தலைமையாசிரியை தொட்டார். தப்பு என்றது டேப்லெட். மறுபடி தொட்டார். மறுபடியும் தப்பு. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சரி சரி, மாட்டி விடுங்க," என்றார்.

பத்துக்குப் பத்து. பத்தாவதைத் தொட்டதும் சிறுமி கையை எடுக்கவில்லை, அடுத்த கேள்விக்காக விரலை நீட்டியபடியே இருந்தாள். தலைமையாசிரியை பேனாவைத் தேடி, இரண்டாம் வகுப்புப் பட்டியலில் அவள் பெயரை எழுதினார். டீச்சர் அதற்குள் என் பைக்குள் கைவிட்டு, மீதமிருந்த சாக்ஸையும் எடுத்துவிட்டார்.

"ரெண்டாம் வகுப்புக்கு ஒண்ணு வேணும்ல?"