முதல் மிடறு

என் மனைவிக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து நான் ஓரிடத்தில் உட்கார்ந்ததில்லை. யார் எந்தக் கோயிலைச் சொன்னாலும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். அப்படித்தான் ஒரு ஞாயிறு காலை, ஜார்ஜ் டவுனில் உள்ள பர்மியப் புத்தர் கோயிலுக்கும் போனேன். பிக்குகள் ஓதும்போது எதிரில் தண்ணீர்ப் போத்தலை வைத்தால் அது மருந்தாகும் என்று கூட வேலை செய்பவர் சொல்லியிருந்தார்.

வைத்தேன். ஆனால் மனம் ஓதலில் இல்லை. நிமிடத்துக்கொரு முறை கைப்பேசியைப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த சீன அம்மா மெல்லக் கை நீட்டி என் போத்தலின் மூடியைத் திறந்து வைத்தார். எல்லாருடைய போத்தலும் திறந்திருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஓதல் முடிந்ததும் அந்த அம்மா தம் போத்தலிலிருந்து முதல் மிடறைத் தாமே குடித்தார்.

"வீட்டுக்காரருக்குத்தான் சீக்கு," என்றார் மலாய் மொழியில். "ஆனா பாத்துக்கிறவங்க மனசும் ஆறணும் லா."

எனக்கு எரிச்சலாக இருந்தது. நோயாளிக்கு உரியதை இவர் ஏன் குடிக்கிறார்?

வீட்டுக்கு விரைந்து வந்து, தண்ணீரைத் தம்ளரில் ஊற்றி மனைவியிடம் நீட்டினேன். அவசரத்தில் பாதி போர்வையில் சிந்தியது. அவள் தம்ளரை வாங்கி என்னிடமே திருப்பி நீட்டினாள்.

"நீங்க குடிங்க. மூணு மாசமா எனக்காக ஊரெல்லாம் சுத்துறீங்க. என் பக்கத்துல பத்து நிமிஷம் உக்காந்திருக்கீங்களா?"

குடித்தேன். உட்கார்ந்தேன்.

நோய் இன்னும் போகவில்லை. ஆனால் அன்று அவள் என் தோளில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். எத்தனை நாளுக்குப் பிறகு வந்த தூக்கம் அது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.